இந்தோனேசியாவில் நடுவழியில் நிற்பவர்கள்



அகதிகள் என்றால் கரை சேர்ந்தவர்களையும் கடலில் மாண்டவர்களையும்தான் பேசுகிறோம். ஆஸ்திரேலியா போகப் புறப்பட்டு இந்தோனேசியாவில் நடுவழியில் சிக்கியவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. 2014 ஜூலை 1 முதல் இந்தோனேசியாவிலுள்ள ஐ.நா. அகதிகள் முகமையில் பதிந்தவர்களை ஏற்கமாட்டோம் என்று அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியா அறிவித்தது. இந்தோனேசியாவோ 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அங்கே அவர்கள் வேலைக்குப் போக முடியாது. 2018 மார்ச்சுக்குப் பின் வந்தவர்களுக்கு ஆஸ்திரேலிய நிதியில் கிடைத்துவந்த உதவியும் இல்லை. உள்ளே அடைத்தாலாவது சோறு கிடைக்குமே என்று, ஜகார்த்தாவின் காலிடெரஸ் தடுப்பு முகாம் வாசலில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் நடைபாதையில் படுத்துக் கிடந்தன. ஆப்கானிஸ்தானின் ஹசாராக்கள், ரோஹிங்கியாக்கள், சோமாலியர்கள் என்று பலரும் இந்தோனேசியாவில் தவிக்கிறார்கள்; ஈழத்தமிழர் சிலரும் உண்டு.

இத்தனைக்கும் நடுவில், போகோர் மலையடிவாரத்துச் சிசருவாவில் அகதிகளே பள்ளி தொடங்கித் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறார்கள். இப்படிப்பட்டவர்களையா ஒரு நாடு சுமை என்று ஒதுக்குவது?

அகதிப் படகுகளைத் தடுத்ததைச் சாதனையாகச் சொல்லும் ஆஸ்திரேலிய அரசு, 2014 ஜூலை 1 என்ற அந்தத் தேதித் தடையை நீக்கி, ஆண்டுதோறும் இவர்களில் ஒரு பகுதியினரையாவது ஏற்க வேண்டும். அதுவரை கூலி வேலைக்காவது இந்தோனேசியா அனுமதி தரட்டும்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்