அடுத்த கிழமை பாராளுமன்றத்தில் என்ன நடக்கப் போகிறது? நமக்கு ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

பதிவு கொஞ்சம் நீளம். ரீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பாராளுமன்றத்தில் யார் யாரைத் திட்டினார் என்ற வீடியோ மடுல்சீமைக்கு வந்து சேர அரை மணித்தியாலம்கூட எடுப்பதில்லை. சபாநாயகர் எழும்பி நிற்கிறார், ஒருவர் கத்துகிறார், மைக்கை நிறுத்துகிறார்கள். அதற்குப் பாட்டும் போட்டு வட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை அதே சபைக்கு எந்தச் சட்டமூலம் வருகிறது, எந்த நாளில் வாக்கெடுப்பு, எந்தக் குழு எந்தத் திணைக்களத்தைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறது என்று சொல்கிற தாள் மட்டும் நம் ஊருக்கு வருவதே இல்லை.

அது இரகசியமும் இல்லை. சபாநாயகர் தலைமையில் பாராளுமன்ற அலுவல்கள் பற்றிய குழு கூடி, எந்த நாளில் எதை எடுப்பது என்று தீர்மானிக்கிறது. பெரும்பாலும் மாதத்தில் இரண்டு கிழமை, செவ்வாய் முதல் வெள்ளி வரை சபை கூடும். அதற்கு முன்னமே நிகழ்ச்சி நிரலை அறிவித்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளைக்குமான ஒழுங்குப் பத்திரம் பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. பத்திரிகையில் ஒரு மூலையில், நாலு வரியில் போடுவார்கள். அந்த நாலு வரியை நாம் தாண்டிப் போய் விளையாட்டுப் பக்கத்தைப் பிரிக்கிறோம்.

நடந்து முடிந்த பிறகு பேசுவதற்கு நமக்கு எப்போதும் நேரம் இருக்கிறது. நடக்க முன்னர் பேசினால்தான் பிரயோசனம். அதற்கான நேரம் எவ்வளவு குறைவு என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

நம் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையைப் பற்றி வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து பதினான்கு நாளைக்குள், இந்த நாட்டின் எந்தப் பிரஜையும், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். எம்பியாக இருக்கத் தேவையில்லை. கொழுந்து பறிக்கிற அக்காவும் போகலாம், பஜாரில் கடை வைத்திருக்கிற நானாவும் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினான்கு நாள் போனால் போனதுதான். சபாநாயகர் கையெழுத்திட்டுச் சட்டமாகிவிட்டால், அதற்குப் பிறகு எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று கேட்க முடியாது. அதையும் அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையே சொல்கிறது. இந்தியாவில் ஒரு சட்டம் வந்து பத்து வருடம் கழித்தும் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். இங்கே அப்படி இல்லை. கதவு ஒன்றுதான், அது திறந்திருப்பதும் பதினான்கு நாள்தான்.

அந்தப் பதினான்கு நாள் மடுல்சீமையில் எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை சட்டமூலம் சபைக்கு வருகிறது. வியாழன், வெள்ளியில் யாரோ அதைப் பற்றி எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வருகிறது. நமக்கு விஷயம் விளங்கும்போது திங்கள். பசறைக்கு இறங்கி, பதுளைக்குப் போய், கொழும்புக்கு இரவு பஸ் எடுத்து, சட்டத்தரணியைப் பிடித்து, மனு எழுதி... லேசான வேலையா? இல்லை. கொழும்பில் இருக்கிறவர்களுக்கும் நமக்கும் அந்தப் பதினான்கு நாள் ஒரே அளவானது என்று சட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது.

முடிந்தவர்கள் செய்து காட்டியும் இருக்கிறார்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை நினைத்துப் பாருங்கள். நான் இப்போது எழுதுகிற இந்தப் பதிவும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. 2023 ஒக்டோபர் 3ஆம் திகதி அது சபையில் வைக்கப்பட்டது. அதை எதிர்த்து 40க்கும் மேற்பட்ட மனுக்கள். அதனால்தான் பல பிரிவுகளைத் திருத்தாமல் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 23, 24இல் விவாதம். இரண்டாம் வாசிப்பில் ஆதரவாக 108, எதிராக 62. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று சண்டை வந்து, சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, அதுவும் மார்ச்சில் தோற்றது. முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் அந்தக் காலத்துக்குள் ஓடியவர்கள் இல்லாவிட்டால் சட்டமூலம் முதலில் எழுதப்பட்டபடியே சட்டமாகியிருக்கும்.

இனி நம் கதைக்கு வருகிறேன். ஊவாக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது. நம்மில் பலருக்கு அது நடந்ததே தெரியாது.

ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20. அதற்குச் சரியாக மூன்று வருடம் கழித்து, 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி, பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் இருந்தது. வேட்புமனுப் பட்டியலில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்கவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நல்ல விஷயம், யார் எதிர்க்கப் போகிறார்கள்? அந்தத் தாளை முன்கூட்டியே வாசித்தவர்கூட நிம்மதியாகப் படுத்திருப்பார். ஆனால் குழுநிலையில் ஒரு கட்டுத் திருத்தங்களைக் கொண்டுவந்து, தேர்தல் முறையையே மாற்றி, தொகுதிகளைப் புதிதாகப் பிரித்த பிறகுதான் தேர்தல் என்று ஆக்கிவிட்டார்கள். எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் வைக்கப்போகிறோம் என்று கொண்டுவந்த வேறொரு சட்டமூலத்துக்கு, மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழி அடைபட்டதும் இந்த வழியைப் பிடித்தார்கள். குழுநிலையில் நுழைக்கிற திருத்தத்துக்கு அந்தக் கதவும் கிடையாது. காலையில் ஒழுங்குப் பத்திரத்தில் இருந்தது ஒன்று, இரவில் நிறைவேறியது வேறொன்று.

மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு அது நிறைவேறியது. மலையகக் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் தொகுதிக்கும் பட்டியலுக்கும் இடையிலான விகிதத்தைப் பற்றிப் பேரம் பேசினார்கள். பாதிக்குப் பாதி என்று ஆனதும் ஆதரித்து வாக்களித்தார்கள். தேர்தல் எப்போது என்று யாரும் பேரம் பேசியதாகத் தெரியவில்லை.

பிறகு எல்லை நிர்ணய அறிக்கை வந்தது. 2018 ஓகஸ்ட் 24இல் அது வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது எதிராக 139, ஆதரவாக ஒன்றுமே இல்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சர் பைஸர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். மீளாய்வுக்குக் குழு போட்டார்கள். அந்தக் குழுவின் அறிக்கை வரவில்லை. பழைய முறையில் தேர்தல் வைக்கவும் சட்டத்தில் இடமில்லை என்று 2019இல் உயர் நீதிமன்றம் அபிப்பிராயம் சொன்னது. அதே வருடம் ஒக்டோபரில் ஊவா மாகாண சபையின் காலமும் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்தான்.

எங்கள் பாடசாலைகள் பெரும்பாலும் மாகாணப் பாடசாலைகள். தோட்டப் பாடசாலைகளும் அப்படித்தான். கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்றால், இடமாற்றம் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஆள் அனுப்பவில்லை என்றால், மலசலகூடம் கட்ட வந்த காசு பாதியில் நின்றால், அதைச் சபையில் எழும்பிக் கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர் இல்லை. தெரிவு செய்யப்பட்ட மாகாணக் கல்வி அமைச்சர் இல்லை. கோபத்தைக் காட்ட ஒரு தேர்தலும் இல்லை. 2014இல் பிறந்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். குடியியல் பாடத்தில் மாகாண சபை என்று ஒன்று வருகிறது. ‘அது எங்கே இருக்கிறது சேர்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் கட்டடத்தைத்தான் காட்டலாம்.

அப்படியானால் நிகழ்ச்சி நிரலை வாசித்து என்ன பயன், அவர்கள் ஏமாற்றத்தானே போகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். ஏமாற்று நடந்தது குழுநிலையில், ஆனால் அதற்குக் கை தூக்கியவர்கள் நம் வாக்கில் போனவர்கள். அன்றைக்கு இந்தச் சட்டமூலம் வருகிறது என்று தெரிந்த ஐம்பது பேர் பதுளை மாவட்டத்திலிருந்து அவர்களுக்கு அழைப்பெடுத்து, ‘இதில் தேர்தலைத் தள்ளிப்போடுகிற ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். ஆனால் தங்களைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தவர் கையைத் தூக்குகிற விதம் வேறு.

20ஆம் திருத்தமும் அப்படித்தான் போனது. 2020 ஒக்டோபர் 21, 22இல் விவாதம், 22ஆம் திகதி மாலை வாக்கெடுப்பு என்பது முன்னமே தெரிந்த விஷயம். ஆதரவாக 156, எதிராக 65. நம் மாவட்டத்தில் எதிர்க்கட்சிப் பட்டியலில் தெரிவான அரவிந்த் குமார் ஆதரித்து வாக்களித்தார். எதிர்த்தரப்பில் தெரிவான முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் ஆதரித்தார்கள். அந்த நாட்களில் நம் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வாக்கெடுப்புக்குப் பிறகு பேஸ்புக்கில் எத்தனை சாபம், எத்தனை மீம்! வாக்கெடுப்புக்கு முந்திய கிழமை அவர்களில் ஒருவரிடமாவது ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று கேட்டவர் நம் ஊரில் எத்தனை பேர்?

ஜனாஸா எரிப்பைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த உத்தரவு எந்த வாக்கெடுப்புக்கும் வந்து நிறைவேறியதல்ல. 2020 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் வெளியிட்ட வர்த்தமானி அது. 2021 பெப்ரவரியில் இன்னொரு வர்த்தமானியால்தான் போனது. ஆகவே ஒழுங்குப் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது, வர்த்தமானியையும் பார்க்கவேண்டும். அது தனிக் கதை, இன்னொரு நாளைக்கு.

வாக்கெடுப்பைப் பற்றியும் ஒரு விஷயம் விளங்க வேண்டும். எல்லா வாக்கெடுப்பிலும் பெயர் பதிவாவதில்லை. ‘ஆம்’ என்கிறவர்கள் ஆம் என்பார்கள், ‘இல்லை’ என்கிறவர்கள் இல்லை என்பார்கள், சபாநாயகர் காதால் கேட்டு முடிவைச் சொல்லிவிடுவார். யாராவது எழும்பிக் கேட்டால்தான் மணி அடித்து, ஆளாளாகக் கணக்கெடுப்பார்கள். அப்போதுதான் ஹன்சாட்டில் பெயர் வரும். 225 பேர் உள்ள சபையை நடத்த 20 பேர் இருந்தால் போதும். ஆகவே உங்கள் உறுப்பினர் ஒரு சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார் என்று பிறகு தேடினால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது. முன்னமே கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

குழுக்களையும் விடாதீர்கள். கோப், கோபா என்று செய்தியில் கேட்கிறோமே, அவை அரசாங்கக் காசைச் செலவழித்தவர்களைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிற இடங்கள். துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் வேறு இருக்கின்றன. ஒரு நிறுவனம் எந்தத் திகதியில் போய் நிற்கப் போகிறது என்பது முன்னமே தெரிந்தால், அதைப் பற்றி நம்மிடம் இருக்கிற தகவலை அந்தக் குழுவில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பலாம். கேள்வி கேட்கிறவர் கையில் ஒரு தாள் கூடுதலாக இருக்கும். பொது மனுக்கள் பற்றிய குழு என்றும் ஒன்று இருக்கிறது. தனி மனிதர் ஒருவர், தனக்கு அரச நிறுவனம் ஒன்றினால் நடந்த அநியாயத்தை, ஓர் எம்பி மூலமாக மனுவாகக் கொடுக்கலாம். இங்கே ஓய்வூதியத்துக்கு வருடக்கணக்காக நடக்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா?

2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆக்கி, வருகைக்கு அரசாங்கம் 200 ரூபாய் கொடுக்கும் என்று சொன்னபோது பட்டாசு கொளுத்தியவர்களும் இருந்தார்கள், திட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் குழுநிலையில் ஒவ்வோர் அமைச்சின் செலவினத் தலைப்பும் எந்த நாளில் எடுக்கப்படும் என்று ஓர் அட்டவணை இருந்தது. அந்த 200 ரூபாய் யாருக்கு எத்தனை நாள் வேலைக்குக் கிடைக்கும், கம்பனி வேலை நாளைக் குறைத்தால் என்ன செய்வது என்று அன்றைக்குத்தான் சபையில் கேட்டிருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சந்தா வெட்டுகின்றன. அந்த அட்டவணையை அச்சடித்து மஸ்டர் போடுகிற இடத்தில் ஒட்ட ஒரு கட்டுத் தாளுக்குமா காசில்லை?

பதுளை மாவட்டத்திலிருந்து போயிருக்கிற அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் இருவருமே மலையக மக்களின் பிள்ளைகள். பெரிய திட்டம் ஒன்றும் அவர்களிடம் கேட்கவில்லை. சபை கூடுகிற கிழமைக்கு முந்திய வெள்ளியில், அடுத்த கிழமை இன்னின்ன நாளில் இன்னின்னது வருகிறது, இதற்கு நான் இப்படி வாக்களிக்க இருக்கிறேன் என்று தமிழில் பத்து வரி போடட்டும். மற்றக் கட்சி உறுப்பினர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். ‘அப்படி முன்னமே சொல்லக் கட்சி விடாது’ என்றால், அதையாவது எழுதட்டும்.

அதுவரைக்கும் நாங்கள் தொடங்குகிறோம். சபை கூடுகிற கிழமைகளில், முந்திய ஞாயிறு இரவு, நிகழ்ச்சி நிரலைச் சுருக்கித் தமிழில் இந்தப் பக்கத்திலேயே போடுவேன், இன்ஷா அல்லாஹ். தரம் 11 பிள்ளைகள் நாலு பேர் எழுதி உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டவுனில் ஒரு கடையும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையும் கிடைத்திருக்கிறது, கோயில் பக்கமும் பேசியாயிற்று. மேல் டிவிஷன்களுக்குக் கொண்டுபோக ஆட்டோ ஓடுகிற தம்பிமார் இரண்டு பேர் வேண்டும். பசறை, லுணுகலைப் பக்கம் ஒட்ட இடம் தரக்கூடியவர்களும் உள்பெட்டியில் எழுதுங்கள். போட்டோப் பிரதி எடுக்கிற செலவு என்னுடையது.