போன மாத ரசீது

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள்.

சனிக்கிழமை ராத்திரி ஒருத்தர் தன் வீட்டில் கஞ்சா புகைக்கிறார். திங்கட்கிழமை காலை தெளிவாக வேலைக்கு வருகிறார். கம்பெனி சிறுநீரைச் சோதிக்கிறது. ‘பாசிட்டிவ்’. வேலை போச்சு! பக்கத்து மெஷினில் நிற்பவர் விடிய விடியத் தூங்காமல் டபுள் ஷிப்ட் பார்த்தவர். அவரை யாரும் சோதிக்கவில்லை. இந்த இரண்டு பேரில் யாரால் கை துண்டாகும்?

நான் பேசுவது கனடா கதை. 2018 அக்டோபர் 17 முதல் அங்கே பெரியவர்கள் கஞ்சா புகைப்பது சட்டப்படி குற்றமில்லை. அன்றிலிருந்து முதலாளிகளுக்குத் தூக்கம் போச்சு. பயம் நியாயம்தான். போதையில் கிரேன் ஓட்டினால் சாவது அவர் மட்டுமா? சாராயமும் சட்டப்படி சரிதான். அதற்காகக் குடித்துவிட்டு வேலைக்கு வரலாமா? கூடவே கூடாது.

ஆனால் அளக்கும் கோலே தப்பாக இருக்கிறதே! மதுவை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். கஞ்சா அப்படியில்லை. அது கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும்; மிச்சமோ சிறுநீரில் நாள்கணக்கில், தினம் புகைப்பவருக்கு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள்: போன மாத ரசீதை வைத்து இன்றைய கையிருப்பைச் சொல்ல முடியுமா?

கனடாவில் விமானிக்கு மதுவென்றால் 12 மணி நேரம் இடைவெளி. கஞ்சா என்றால் 28 நாள்! முன்னூறு பேர் உயிர் என்பதால் விமானிக்கு ஒப்புக்கொள்கிறேன். கிடங்கில் பெட்டி அடுக்குகிறவருக்குமா?

நீதிமன்றங்களுக்கு இது புரிகிறது. 2013-லேயே ஒரு காகித ஆலையின் திடீர் மதுச் சோதனையைக் கனடா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆபத்தான வேலை என்று சொன்னால் மட்டும் போதாது, அங்கே குடிப் பிரச்னை இருப்பதைக் காட்டு என்றது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், போதை தராத அந்த மிச்சத்தை மட்டும் வைத்து ஆளை நீக்கக் கூடாது என்று சட்டம். கட்டுமான வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்கும் உண்டு.

அப்போ என்னதான் செய்வது? சூப்பர்வைசருக்குப் பயிற்சி கொடுங்கள். பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தி, காரில் வீட்டுக்கு அனுப்பட்டும். காரணம் கஞ்சாவா, மாத்திரையா, தூக்கமின்மையா என்பதெல்லாம் அப்புறம்.

இதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், டபுள் ஷிப்டைக் குறைக்க வேண்டும். செலவு, சார்! பிளாஸ்டிக் கோப்பை மலிவு. அதனால்தான் அதற்குப் ‘பாதுகாப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.