"வேணாம்" என்று யார் சொல்லலாம்?

போன மாதம் கம்பஸ் கென்டீனில் ஒரு பேச்சு. நாங்கள் ஆறு பேர், எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். "மாசி மாசம் காமன் கூத்து நடக்கும்போது வெளிநாட்டுக் கலைஞர்கள கூப்பிட்டா என்ன? வந்து தங்கட்டும். நம்ம மலையில, நம்ம லயத்துல, அந்த இடத்துக்குன்னே எதையாவது செஞ்சு வைக்கட்டும்" என்றான் ஒரு நண்பன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். அப்போது ஒருத்தி கேட்டாள்: "சரி, பெர்மிஷன் யார்கிட்ட கேக்குறது?"

மற்ற ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "துரைகிட்ட."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கூத்து நம்முடையது, லயத்தில் இருப்பது நாம், ஆனால் அனுமதி என்றதும் நம் வாயில் வந்தது துரை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நண்பன் சொன்ன யோசனை புதிதல்ல. ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் எச்சிகோ-சுமாரி என்றொரு மலைப்பிரதேசம் உண்டு. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, முதியவர்களும் மூடிய பள்ளிக்கூடங்களும் மிஞ்சிய ஊர்கள். அங்கே 2000 ஆம் ஆண்டில் ஒரு கலைவிழா தொடங்கினார்கள். சுமார் 760 சதுர கிலோமீட்டர் பரப்பில், வயலிலும் காட்டிலும் பாழடைந்த வீட்டிலும் பல நாட்டுக் கலைஞர்கள் அந்தந்த இடத்துக்கென்றே படைப்புகள் செய்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடப்பது அதன் வழக்கம்.

அந்த முதல் விழாவில் சோவியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இல்யா கபகோவும் எமிலியா கபகோவும் ஒரு படிக்கட்டு வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். உழுவது, நடுவது, அறுப்பது என்று உழவர் உருவங்களை நிறம் பூசி வயலில் நிறுத்துவது அவர்களின் திட்டம். வயலின் சொந்தக்காரர் முதலில் மறுத்துவிட்டார். பரம்பரையாக வந்த நிலம் அது. உடல் முடியாமல் விவசாயத்தையே விடும் யோசனையில் இருந்தவர் அவர். பிறகு, தங்கள் உழைப்பை அந்தக் கலைஞர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று திட்டத்தில் கண்டபின் சம்மதித்தார். அதன்பின் சில வருடங்கள் அதே வயலில் விவசாயமும் செய்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் "கலை ஒரு மனிதரை மாற்றியது" என்று முடிப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய கட்டம். அவர் "வேணாம்" என்றார். அவர் வேணாம் என்றால் வேலை நிற்கும். அதனால்தான் கலைஞர்கள் அவருக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு வந்ததும் அதனால்தான்.

நம்ம தோட்டத்தில் அப்படி வேணாம் என்று சொல்லக்கூடியவர் யார்?

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992 முதல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்குப் போனது. 7 பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன, சந்தோஷம். ஆனால் இன்னும் ஏராளமானோர் லயத்துக் காம்பராவில்தான். நாலைந்து தலைமுறை பிறந்து செத்த காம்பரா, ஆனால் கையில் உறுதி கிடையாது.

கேட்காமலே முடிவெடுப்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் தலைவிதியைப் பங்குபோட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று விட்டார்கள். பங்குபோடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கலை விழாவை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் பழக்கம் ஒன்றுதான்: மேலே பேசி முடித்துவிட்டு கீழே அறிவிப்பது.

சின்ன அளவில் அது தினமும் நடக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்து ரோட்டில் ஒரு வேன் நின்றது. இறங்கியவர்கள் அம்மாவையும் இன்னும் மூன்று பேரையும் கூடையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். படங்கை அவிழ்த்துவிட்டுச் சிரிக்கச் சொன்னார்களாம். அந்த நேரத்தில் எடுக்காத கொழுந்தால் அம்மாவுக்கு அன்றைக்கு நிறுவை குறைந்து அரைப் பேர்தான் விழுந்தது. படம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. எடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. டொபி கூடக் கொடுத்தார்கள். அரைப் பேர் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் யாரையும் கூப்பிட வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் கண்ணுக்கு நமக்குப் பழகி மறைந்துபோனவை தெரியும். மலையகத்தைத் தேயிலை விளம்பரமாக மட்டும் பார்க்கும் உலகத்துக்கு வேறொன்றைக் காட்டலாம். நம்ம பக்கத்தில் வரையும் பிள்ளைகளுக்குத் தொடர்பு கிடைக்கும். இதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளுவதற்கு நாம் அவ்வளவு வசதியான நிலையில் இல்லை.

ஆனால் வருகிறவர்கள் வெற்றிடத்துக்கு வரவில்லை. ஓரிடத்துக்கென்றே செய்யும் கலை என்று கம்பஸில் படிக்கிறோமே, காமன் கூத்து அதுதானே? மன்மதனும் ரதியும் லயம் லயமாக வருகிறார்கள், காமன் பொட்டலில் மன்மதன் எரிகிறான். தோட்டம் முழுக்க மேடை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 இல் ஆக்கியிருக்கிறார்கள். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையே கொண்டு தோட்டத்து வாழ்க்கையைப் படைப்பாக்குகிறார். ஆகவே கூப்பிடும்போது நம்ம ஆட்களுக்கு உதவியாளர் வேலை கொடுத்து ஓரமாக நிறுத்தக் கூடாது. சம இடம், சம சம்பளம், பெயர்ப்பலகையில் சம எழுத்து.

மற்றது, முதலில் லயத்தில் கேட்க வேண்டும், துரையிடம் போவது பிறகு. கூட்டத்தைத் தலைவரோடு முடித்துவிடாமல் பெண்கள் மலையிலிருந்து இறங்கி, சமைத்து முடித்த பிறகு வைக்க வேண்டும். அந்தக் கூட்டம் "வேணாம்" என்றால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கலாம், கெஞ்சக் கூடாது. ஒரு சரிவு அழகாக இருக்கும். அங்கே மண் சரிந்து யாராவது போயிருப்பார்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான மண்ணில் எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கலைஞர் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வந்து இறங்கினால் சரிவராது. ஒரு மழைக்காலமாவது இருந்து பார்க்கட்டும். வேலைக்கு உதவுகிறவருக்கு அன்றைய முழுப் பேர் காசு கையில் கிடைக்க வேண்டும். விழா முடிந்ததும் இரும்பையும் சீமெந்தையும் யார் அகற்றுவது என்பதும் முதலிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாசிக்குக் காமன் ஊன்ற இடம் இருக்காது.

இவ்வளவு நிபந்தனை போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்கிறான் நண்பன். இருக்கலாம். ஆனால் இதைக் கேட்டும் வருகிறவர்தான் நமக்குத் தேவை என்று நினைக்கிறேன்.

போன வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டார். "வரட்டுமே, நல்லதுதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா லயத்து முன்னுக்கு இருக்கிற கொடிக்கயித்த அவுக்கச் சொல்லக் கூடாது. மழ விடுற நேரத்துல உடுப்பு காயப்போட எங்களுக்கு வேற எடம் இல்ல" என்றார்.

அதை நிபந்தனைப் பட்டியலில் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.