எடைத் தராசு காட்டாத குறை
திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வேலப்பன்சாவடியிலும் சுற்றுப்புறத்திலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் ஓராண்டு வைட்டமின் டி சொட்டு மருந்து அரசுச் செலவில் கிடைக்க வேண்டும். அதைக் கேட்கவே எழுதுகிறேன்.

நாளொன்றுக்கு 400 யூனிட் என்பது இந்திய குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. தாய்ப்பாலுக்கு நிகரான உணவு இல்லை, ஆனால் அதில் இந்த ஒரு சத்து மிகக் குறைவு. வைட்டமின் ஏ திரவம் அரசுச் செலவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படுகிறது. டி-யோ தாய் தகப்பன் கைக்காசைப் பொறுத்தது. வாடகையும் வட்டியும் போக மிஞ்சியதில் வாழும் வீட்டில் முதல் பாட்டில் தீர்ந்ததும் அடுத்தது வருவதில்லை.

எலும்புக்கு மட்டும்தானே இது என்று நினைத்துவிடக் கூடாது. மைசூரில் 568 தாய்மாரையும் அவர்கள் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு வைட்டமின் டி பற்றாக்குறை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலும் ஒன்பதரை வயதிலும் கைத்தசை சிறியதாக இருந்தது. ஒன்பதரை வயதில், சர்க்கரை நோய்க்கு வழிவகுக்கும் இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாகத் தெரிந்தது. ஏற்கெனவே நம் நாட்டுக் குழந்தைகள் தசை குறைந்து, எடைக்கு மிஞ்சிய கொழுப்போடு பிறக்கிறார்கள் என்று புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். பால்வாடித் தராசில் எடை சரியாக இருக்கலாம். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தராசு சொல்லாது. சர்க்கரை நோய் நாற்பது வயதுக்கு முன்பே வீடு தேடி வரும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

தொடர்பு இருக்கிறது என்பதால் சொட்டு மருந்தே தசையை வளர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் எடை குறைந்து பிறந்த 2,079 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் 1,400 யூனிட் வீதம் ஆறு மாதம் கொடுத்ததில் அவர்கள் உயரமும் எடையும் மேம்பட்டன. மூன்று முதல் ஆறு வயதில் மீண்டும் பார்த்தபோது அதே பிள்ளைகளின் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற அளவு) சற்றுக் குறைவாக இருந்தது. விடை இன்னும் முழுமையாகவில்லை. ஆனால் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் வராமல் காக்க இந்தச் சொட்டு வேண்டும் என்பதே மருத்துவர்களின் பரிந்துரை. அந்த ஒரு காரணம் போதும்.

"நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?" என்று கேட்பார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளைப் பாருங்கள். லாரிப் புழுதிக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வராது. பாட்டிமார் காலை ஏழு மணி இளவெயிலில் எண்ணெய் தடவிக் கிடத்துவதில் அன்பு நிறைய உண்டு, அந்தக் கதிர் கொஞ்சம்தான். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அது போதிய அளவு கிடைக்கும். அந்தச் சுள்ளென்ற வெயிலில் கைக்குழந்தையைப் போட முடியாது. அதனால்தான் சொட்டு மருந்து.

நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வெயில் உதவும். சித்திரை, வைகாசியில் ஒன்பதரை மணிக்கும் மார்கழியில் பதினொரு மணிக்கும் கால் மணி நேரம் பால்வாடி வாசலில் விளையாட விட்டால் நல்லது. ஆனால் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பால்வாடிக்கு வாசல் ஏது? திருவேற்காடு நகராட்சியில் சும்மா கிடக்கும் புறம்போக்கு இடங்களில் ஒன்றிரண்டை வேலி போட்டு இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தடுப்பூசி போட வரும் நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொட்டு பாட்டிலைக் கையில் கொடுத்து, எத்தனை சொட்டு என்று நர்ஸம்மா காட்டிக்கொடுத்து, தாய் சேய் அட்டையில் குறித்துவிடலாம். கம்பெனிக்குக் கம்பெனி செறிவு மாறும் என்பதால் மாவட்டம் முழுக்க ஒரே வகை பாட்டிலாக இருப்பது முக்கியம். அளவு தவறி அதிகமானால் அதுவும் கெடுதல். மாநிலத் திட்டமாக வரும்வரை மாவட்டத்தில் உள்ள தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்டுப் பெற உங்களால் முடியும். அடுத்த மாதத் தடுப்பூசி முகாமிலேயே தொடங்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
வேலப்பன்சாவடிவாசி ஒருவர்