யோனாவின் குடிசையிலிருந்து எழுந்திருங்கள்

தியானப் பகுதி: யோனா 4-ஆம் அதிகாரம், லூக்கா 19:41-44



சென்ற வாரம் வாலிபர் கூடுகையின் முடிவில் ஒரு தம்பி தயக்கத்தோடு ஒரு காரியத்தைப் பகிர்ந்துகொண்டான். அணுகுண்டுப் போரைப் பற்றிய 'திரெட்ஸ்' என்னும் பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் படத்தை இரவில் தனியாகக் கைபேசியில் பார்த்திருக்கிறான். அதன்பின் மூன்று இரவுகள் அவனுக்குச் சரியான உறக்கமில்லை. வானத்தில் விமானச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்றான். சுற்றியிருந்தவர்கள் உடனே ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், "விசுவாசிக்கு இப்படிப்பட்ட படங்கள் எதற்கு? பயம் தேவனிடத்திலிருந்து வருவதல்ல" என்றார். இன்னொருவர், "இவையெல்லாம் நடந்தே தீரும் என்று தீர்க்கதரிசனம் இருக்கிறது. அந்நாளில் சபை இங்கே இராது. நீ ஏன் கலங்குகிறாய்?" என்றார். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே, "அது வெறும் படம்தானே, தம்பி" என்றார்.

மூவரும் அன்பினால்தான் பேசினார்கள். ஆயினும் மூன்று பதில்களும் தவறானவை என்று இந்த வாரம் முழுவதும் என் மனச்சாட்சி என்னை உறுத்துகிறது. அந்த வேளையில் நானும் மௌனமாயிருந்துவிட்டேன். ஆகவே அன்று சொல்லத் தவறியதை இன்று எழுதுகிறேன். அந்தத் தம்பியின் உறக்கமின்மை விசுவாசக் குறைவன்று. மற்றவர்களுடைய அழிவைக் கண்டு மனம் கலங்குகிற இருதயம் இன்னும் அவனுக்குள் உயிரோடிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

முதலாவது, "வெறும் படம்தானே" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

1983 நவம்பர் 20, ஞாயிறு இரவு, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி டே ஆஃப்டர்' என்ற படம் ஒளிபரப்பானது. கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரத்தாரும் சுற்றுப்புறத்து விவசாயிகளும் அணுகுண்டுத் தாக்குதலுக்குமுன் எப்படி வாழ்ந்தார்கள், பின் எப்படி மடிந்தார்கள் என்பதே அதன் கதை. ஏறத்தாழ 10 கோடி மக்கள் அதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று பிபிசி 'திரெட்ஸ்' படத்தை ஒளிபரப்பியது. அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கதை. கர்ப்பிணியான ஓர் இளம்பெண்ணும் அவளை மணக்கவிருக்கும் வாலிபனும் புது வீட்டின் சுவர்க் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் போர்ச் செய்தியைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. ஒருவரும் அதற்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. பின்பு குண்டு விழுகிறது. அதற்குப் பின்னான ஆண்டுகளையும் படம் விடாமல் காட்டுகிறது. பயிரில்லை, பள்ளியில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறந்த மகளின் தலைமுறை மொழியையே பாதி இழந்துபோகிறது.

இவர்களுக்கும் முன்னே, 1965-இல், பீட்டர் வாட்கின்ஸ் என்ற இயக்குநர் பிபிசிக்காக 'தி வார் கேம்' என்ற படத்தை எடுத்தார். ஒளிபரப்ப முடியாத அளவுக்குக் கொடூரமானது என்று சொல்லி பிபிசி அதை நிறுத்திவைத்தது. தொலைக்காட்சியில் அது வெளிவந்தது 1985-இல். இருபது ஆண்டுகள்! அவ்வளவு காலமும் அப்படிப்பட்ட குண்டுகள் பெருகிக்கொண்டேயிருந்தன. குண்டு இருக்கலாம், குண்டைப் பற்றிய படம் இருக்கலாகாது என்று ஒரு சமுதாயம் தீர்மானித்தது. இதை நான் இங்கிலாந்தைக் குற்றஞ்சாட்டச் சொல்லவில்லை. "இப்படிப்பட்டவற்றைப் பார்க்காதே" என்று நாம் சொல்லும்போதும் இதே தீர்மானத்தைத்தான் எடுக்கிறோம்.

அன்றியும், இந்தப் படங்கள் காட்டுவது மனிதருக்கு ஏற்கெனவே நேரிட்டது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின்மேல் விழுந்த குண்டு, உரகாமி என்னும் பகுதியின் பேராலயத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் தூரத்தில் வெடித்தது. இருநூற்றைம்பது ஆண்டுகாலத் தடையையும் உபத்திரவத்தையும் தாண்டி, மறைவில் விசுவாசத்தைக் காத்துக்கொண்டவர்களின் சந்ததியார் கட்டிய ஆலயம் அது. அந்நேரத்தில் உள்ளே பாவஅறிக்கை செய்ய மக்கள் வந்திருந்தார்கள். ஆலயத்துக்குள் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. குண்டைப் போட்ட தேசத்திலும் ஞாயிறுதோறும் ஆலய மணிகள் ஒலித்தன. இதை அறிந்த கிறிஸ்தவன் "வெறும் படம்தானே" என்று எப்படிச் சொல்லுவான்?

இரண்டாவது, "பயம் தேவனிடத்திலிருந்து வருவதல்ல" என்ற பதில். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வார்த்தையை நாம் அடிக்கடி இப்படிப் பயன்படுத்துகிறோம். ஆனால் அந்த வசனத்தை அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். வெட்கப்படாமல் பாடுகளில் பங்குகொள்ளும்படி தீமோத்தேயுவை அழைப்பதற்காகவே பவுல் பயத்தைக் குறித்துப் பேசுகிறார். துன்பத்தை நோக்கி நடக்கத் தைரியம் கொடுக்கிற வசனத்தை, துன்பத்தைப் பாராமல் கதவைச் சாத்திக்கொள்ள நாம் சாக்காக்கிவிட்டோம்.

எனக்கு என்ன ஆகுமோ என்பது ஒரு பயம். அது நம்மைச் சுருக்கும். அவர்களுக்கு என்ன ஆகுமோ என்பது வேறு. அதற்குத் துக்கம் என்று பெயர். இந்தப் படங்கள் இரண்டையும் ஒன்றாகவே எழுப்புகின்றன. போதகனுடைய வேலை இரண்டையும் பிரித்துக்காட்டுவது. முதலாவதைக் கர்த்தரிடத்தில் ஒப்புக்கொடுக்கவும், இரண்டாவதைக் காத்துக்கொள்ளவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். களையோடு சேர்த்துக் கோதுமையையும் பிடுங்கிப்போடுவது ஆறுதல் ஆகாது.

அந்தத் துக்கத்தினால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 'தி டே ஆஃப்டர்' ஒளிபரப்பாவதற்குமுன், 1983 அக்டோபரில், அமெரிக்க ஜனாதிபதி ரேகன் அதைத் தனியே பார்த்தார். அது தம்மை மிகவும் சோர்வடையச் செய்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். அணு ஆயுதங்களைப் பெருக்கிக்கொண்டிருந்த அரசின் தலைவர் அவர். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1987 டிசம்பர் 8 அன்று, அவரும் சோவியத் தலைவர் கொர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன்படி 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. ஒரு படம்தான் இதைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். அரசியலும் பொருளாதாரமும் அநேகருடைய போராட்டமும் அதில் இருந்தன. ஆனால் ஏவுகணைகளுக்குக் கட்டளையிடும் அதிகாரமுடைய ஒரு மனிதர் ஓர் இரவு மனமுடைந்துபோனது வீண் என்றும் நான் சொல்லத் துணியமாட்டேன். நினிவேயின் ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்ததும் ஒரு செய்தியைக் கேட்டதினால்தானே?

மூன்றாவது பதிலே என்னை அதிகமாய் வருத்துகிறது. "தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது, நாம் எடுத்துக்கொள்ளப்படுவோம்." 1970-இல் ஹால் லிண்ட்சே எழுதிய 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்' என்ற புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. வேதத்தின் கடைசிகாலத் தரிசனங்களுக்குள் அணுகுண்டுப் போரை வாசித்துக்காட்டிய அந்தப் போதனை, சபை அதற்குமுன்னே மேலே போய்விடும் என்றும் உறுதி கூறியது. அன்றுமுதல் எத்தனை பிரசங்கபீடங்களில் காளான் வடிவப் புகை மண்டலம் ஒரு கடிகார முள்ளைப்போல் காட்டப்பட்டது! கோடானுகோடி மக்களின் சாவு நமக்கு ஒரு கால அட்டவணை ஆகிவிட்டது.

யோனாவைப் பாருங்கள். அவன் பொய்த் தீர்க்கதரிசியல்ல, கர்த்தருடைய வார்த்தையையே சொன்னவன். சொன்னபின் நகரத்துக்கு வெளியே ஒரு குடிசையைப் போட்டு, நிழலில் உட்கார்ந்து, நகரத்துக்கு என்ன நேரிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். வேதத்திலுள்ள முதல் பார்வையாளன் அவனே என்று எனக்குத் தோன்றுகிறது. தன் தலைக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காக அவன் மனம் வெந்தது. இலட்சத்துக்கும் அதிகமான மனிதருக்காகவும் அவர்களுடைய மிருகஜீவன்களுக்காகவும் வேகவில்லை. ஆடுமாடுகளைக்கூட எண்ணிப் பரிதபிக்கிற தேவனுடைய கேள்வியோடு அந்தப் புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. அதை நாம் எழுத வேண்டும்.

நம் ஆண்டவரோ எருசலேமின் அழிவை முன்னறிந்தவர். அது தப்பாமல் வரும் என்று அவரே சொன்னார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், கி.பி. 70-இல், அது வந்தது. அறிந்திருந்தும் அவர் நகரத்தைப் பார்த்து அழுதார். தீர்க்கதரிசனம் தெரிந்தவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன மாதிரி வேண்டும்? கண்ணீரை உலர்த்துகிற தீர்க்கதரிசன ஞானம் கிறிஸ்துவினுடையதன்று.

'தி டே ஆஃப்டர்' படத்தில் ஒரு காட்சி உண்டு. இடிந்துபோன ஓர் ஆலயத்தில் பிழைத்தவர்கள் ஆராதனைக்குக் கூடியிருக்கிறார்கள். உயிரோடிருப்பது எவ்வளவு பாக்கியம் என்று போதகர் சொல்ல முயலுகிறார். அப்போதே சபையில் அமர்ந்திருக்கும் ஓர் இளம்பெண்ணுக்குக் கதிர்வீச்சு நோயினால் இரத்தம் கசியத் தொடங்குகிறது. அந்தக் காட்சியில் என்னையே நான் கண்டேன். என் வார்த்தை சரியானதாக இருக்கலாம். என் கண்கள் எங்கே இருந்தன?

இங்கே ஒரு பாவஅறிக்கை செய்ய வேண்டும். 1998 மே மாதம் நம் தேசம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது நான் ஓர் இளம் உதவிப் போதகன். தெருக்களில் இனிப்பு வழங்கினார்கள். அடுத்த ஞாயிறு நான் பிரசங்கபீடத்திலிருந்து, தேசத்துக்குக் கிடைத்த பலத்துக்காக ஸ்தோத்திரம் செலுத்தினேன். ஆராதனை முடிந்தபின் வயதான ஒரு தாயார் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயரே, அந்தக் குண்டு விழுற ஊர்லயும் பிள்ளைங்க இருக்கும்லா?" என்று கேட்டார்கள். இறையியல் கல்லூரியில் நான் கற்ற எதுவும் அவர்களுக்குப் பதிலாகவில்லை. எந்தப் படத்தையும் பாராமலே அவர்கள் கண்டதை, நான் பல ஆண்டுகளுக்குப்பின் இப்படிப்பட்ட ஒரு படத்தைப் பார்த்தே கண்டேன்.

நான் எல்லாரையும் இவற்றைப் பார்க்கச் சொல்லவில்லை. சிறுபிள்ளைகளுக்கு இவை வேண்டவே வேண்டாம். பலவீனமான மனமுள்ளவர்களும் விலகியிருக்கலாம், அதில் குற்றமில்லை. பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நடுக்கத்தையே ருசியாகக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாய்ப் பார்த்து, அழுது, பின் சாப்பிட்டு உறங்கிவிடுகிறவன் யோனாவின் குடிசையைவிட்டு எழுந்தவனல்ல. அதை இன்னும் வசதியாக்கிக்கொண்டவன்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரியைக் கூறுகிறேன். ஃப்ரெட் ராஜர்ஸ் பிரெஸ்பிட்டேரியன் சபையில் அபிஷேகம் பெற்ற ஊழியர், அமெரிக்கக் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியவர். 1983 நவம்பரில், 'தி டே ஆஃப்டர்' ஒளிபரப்பாவதற்குச் சற்று முன்னர், அவர் ஒரு வாரம் முழுவதும் சண்டையைப் பற்றிப் பேசினார். அவருடைய பொம்மை ராஜா, பக்கத்து ஊரார் குண்டு செய்கிறார்கள் என்று சந்தேகித்துத் தானும் குண்டு செய்யக் கட்டளையிடுகிறார். போய்ப் பார்த்தால், அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பாலம்! ஒரு குழந்தைக்கு அவ்வளவு போதும். நமக்கும் அதிலே பாடமுண்டு. போய்ப் பார்த்தவர்கள்தான் உண்மையை அறிந்தார்கள்.

ஆகவே அன்பானவர்களே, மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் தனியே இரவில் பாராமல், பேசத்தக்க ஒருவரோடு பாருங்கள். பார்த்தபின் எழுந்த துக்கத்தை உடனே வேறொரு வேடிக்கையால் மூடாமல், அதை ஜெபமாக்குங்கள். பகைநாடு என்று நமக்குச் சொல்லப்பட்ட நாட்டின் ஓர் ஊரைப் பெயர்சொல்லி, அதன் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள். கடைசியாக, வாட்ஸ்அப்பிலோ வீட்டுத் திண்ணையிலோ யாராவது "ஒரு குண்டு போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லும்போது மௌனமாயிராதேயுங்கள். இன்று உலகில் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. 1987-இன் உடன்படிக்கையோ 2019-இல் முடிவுக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட பேச்சு இனி வெறும் பேச்சல்ல.

அந்தத் தம்பியை இந்த வாரம் நான் சந்திப்பேன். முதலில் அவனிடத்தில் மன்னிப்புக் கேட்பேன். பின்பு இருவரும் சேர்ந்து புலம்பல் புத்தகத்தை வாசிப்போம். இடிந்துபோன நகரத்துக்காக அழுவதற்கென்றே பரிசுத்த வேதத்தில் ஒரு முழுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கிறது. அதை நம் சபையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிக்கிறோமா?

ஜெபம்: நகரத்தைப் பார்த்து அழுத ஆண்டவரே, அழிவை வேடிக்கை பார்க்கும் எங்கள் கண்களை மன்னியும். எங்கள் பயத்தை நீர் எடுத்துக்கொள்ளும், எங்கள் துக்கத்தையோ எடுத்துப்போடாதேயும். ஆளுகிறவர்களின் இருதயங்களை நொறுக்கும். எங்களையும் குடிசையைவிட்டு எழுப்பும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்