மூன்றிலும் ஓட வேண்டும்

பளையில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். கையில் இருப்பது ஒரு விண்டோஸ் மடிக்கணினி. எழுதுவதோ லினக்ஸிலும் மேக்கிலும் ஓட வேண்டும். மேக் வாங்க இங்கே எத்தனை பேருக்கு வசதி?

கிட்ஹப் அக்‌ஷன்ஸ் 2019 முதல் இதற்கு வழி தருகிறது. நிரலை அனுப்பியதும் மூன்று இயங்குதளங்களிலும் அதுவே கட்டிச் சோதித்துப் பிழையைச் சொல்லும். மூலநிரல் பொதுவில் இருந்தால் கட்டணமில்லை.

தமிழில் வேலை செய்வோருக்கு இது உயிரான விஷயம். குறியாக்கத்தைக் குறிப்பிடாமல் பைதனில் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தால் லினக்ஸிலும் மேக்கிலும் சரியாக வரும். விண்டோஸில் இன்றும் பெரும்பாலும் பழைய மேற்கத்தேயக் குறியாக்கமே இயல்பு. அங்கே ‘பளை’ குப்பை எழுத்தாகும். ‘கிளிநொச்சி’யோ புள்ளி வைத்த எழுத்தில் தடுக்கி நிரலையே நிறுத்திவிடும். யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் தீர்ந்தது. ஆனால் மேக்கில் எழுதியவருக்கு அந்தப் பிழை கண்ணிலேயே படாதே!

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்கும், ஊர்ப் பயிற்சி நிலையங்களிலும், மாணவரின் முதல் செயற்றிட்டத்திலேயே இந்த மூன்று தளச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான அமைப்புக் கோப்பு இருபது வரிக்குள் முடியும். முதல் தவணையிலேயே கற்பிக்கலாம்.