புரூஸ்டர் மேல பழி போடாதீங்க!

'வார் தண்டர்' ஆடுறவங்க வாயில அடிக்கடி வர்ற புலம்பல்: "டப்பா விமானம்... அதான் தோத்தேன்." புரூஸ்டர் பஃபலோன்னா கேட்கவே வேணாம், ஒரே நக்கல்தான்.

நக்கலுக்குக் காரணம் இருக்கு. 1942 ஜூன் 4, மிட்வே தீவு. ஜப்பானிய ஜீரோக்களை எதிர்த்துப் போன அமெரிக்க மரைன் படையோட புரூஸ்டர்கள்ல பெரும்பாலானவை திரும்பவே இல்லை. சரி. ஆனா 44 புரூஸ்டர் வாங்கின பின்லாந்துக்காரங்க? ஹான்ஸ் விண்ட்ங்கற ஒருத்தர் மட்டும் அதுல 39 சோவியத் விமானங்களை வீழ்த்தினதா பதிவாகியிருக்கு! அவங்களோடது எடை குறைஞ்ச மாடல், எதிரியும் வேற. ஒத்துக்கலாம். அதுக்காக 39 தானா வந்துடுமா?

வான்சண்டையில உயரம்தான் முதல். மேலேயிருந்து பாய்ஞ்சு, ஒரு தடவை சுட்டுட்டு, வேகம் இருக்கும்போதே திரும்ப மேல ஏறிடணும். புலம்பல் கோஷ்டி என்ன பண்ணுது? கிளம்பினதும் தரையை ஒட்டியே பறந்து, போயும் போயும் ஜீரோ கூட வட்டமடிக்குது! முதலைக் கரைச்சுட்டு நஷ்டம்னு அழுதா எப்படி?

அப்புறம் அதே ஆளு காசு கொடுத்து ஒரு ஸ்பிட்ஃபயர் வாங்குவார். அதையும் தரையை ஒட்டித்தான் ஓட்டுவார்.